எழுத்து மட்டும் முடிந்தவர்கள்

நீங்கள் தந்த தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சீனிதான் கொஞ்சம் காணாது.

குடும்ப மரம் வரைவது என் பொழுதுபோக்கு. மகள் ஜெசிகா ஒரு ஆங்கிலேயரைக் கட்டி மியூனிக்கில் இருக்கிறாள். சம்பந்திகள் டெரிக்கும் மொரீனும் இங்கே வுப்பர்டாலில், எங்கள் தெருவிலேயே. அவர்களின் கலியாணப் பொன்விழாவுக்கு ஒரு மரம் வரைந்து கொடுக்க ஆசைப்பட்டேன். இங்கிலாந்தில் கலியாணத்தைத் தேவாலயத்திலும் பதியலாம், அரசாங்கப் பதிவகத்திலும் பதியலாம். இரண்டும் சட்டப்படி ஒன்றுதான். அது தெரியாத ஆள் இல்லை நான்.

அவர்களின் ஊர்த் தேவாலயப் புத்தகத்தில் மூன்று ஞாயிறும் கலியாண அறிவிப்பு வாசித்தது இருந்தது. கலியாணம் நடந்த பதிவைக் காணவில்லை. மொரீனிடம் கேட்டேன். பாதிரியாருடன் சண்டை பிடித்துக்கொண்டு பதிவகத்துக்குப் போய்விட்டோம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிவுக் கலியாணத்தை எங்கள் ஆட்கள் எழுத்து என்பார்கள். எழுத்து முடிந்தாலும், தேவாலயத்தில் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். இவர்கள் இவ்வளவு காலமும் ஒரே வீட்டில் இருந்துவிட்டார்கள். பாவம், எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

போன மாதம் டெரிக்கை நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மொரீன் எங்களோடு தங்க வந்தார். ஜெசிகாவின் அறையைக் கொடுத்து, கதவைப் பூட்டினேன். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசக்கூடாது என்பதால் தொலைபேசியையும் வாங்கி வைத்தேன். நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன், கலியாணச் சேலைகூட எடுத்தேன். பாதிரியார்தான் தேவாலயக் கலியாணத்துக்குக் கோடையில் டெர்மின், அதாவது நாள், தந்தார்.

என் மனைவி பிறேமாவுக்கு இதெல்லாம் விளங்காது. "என்னப்பா, விசரே உங்களுக்கு? அந்த மனிசி அழுதுகொண்டு கிடக்குது. திறந்து விடுங்கோ."

"கலியாணம் முடியட்டும், விடுறன்."

ஆஸ்பத்திரியிலிருந்து தாதி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். டெரிக்குக்கு வருத்தம் கடுமை, மனைவியை உடனே வரச்சொல்லுங்கள் என்றாள். அவர் இன்னும் மனைவி இல்லை, மணப்பெண், கலியாணத்துக்குப் பிறகு வருவார் என்று மரியாதையாகச் சொன்னேன். தாதிக்குப் பின்னால் டெரிக் மொரீனைக் கூப்பிடுவது தொலைபேசியில் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. நானும் மனிதன்தானே.

விடிய டெரிக்கின் உயிர் போய்விட்டது. பிறேமா என் சட்டைப் பையில் திறப்பைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தாள். பொலிஸுக்கு அடித்து உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான்.

ஓம், பூட்டியவன் நான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கலியாணம் நடந்திருந்தால் மொரீன் இன்றைக்கு விதவை. ஒரு பெண்ணை அந்தக் கொடுமையிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.