இடி எதிர் சுருட்டை

– அப்ப நான் ஜெயிப்பேன்னு எழுத மாட்டே?

– கையை ஆட்டாதடா சுருட்டை, சுத்தற துணி நழுவுது. விரலை விரிச்சு வை… மாட்டேன். எழுத மாட்டேன்.

– பெத்த அப்பன் கேக்கறேன் குட்டி. ஒரே ஒரு வரி. ‘இடின்னு பேர் வாங்கின எங்கப்பா மட்டும் இருபத்தஞ்சு வயசுல இருந்திருந்தா, இன்னைக்கு சாம்பியனா சுத்தற இந்தச் சுருட்டைத் தலையனை அஞ்சு ரவுண்டுக்குள்ள சாய்ச்சிருப்பான்.’ அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் உன் தீர்ப்பைத்தானே கேட்டிருக்கான்?

– ஆமா. இவனுக்கு நான் கோச், உங்களுக்கு நான் மக. ரெண்டு பேரையும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்னு என்கிட்ட வந்தான். அதான் உள்ளதை எழுதறேன்.

– உள்ளதைத்தான் நானும் சொல்றேன். நாப்பத்தோரு குத்துச்சண்டை. ஒண்ணுலயும் தோத்ததில்ல.

– ஐயா சொல்றபடியே எழுதிடுங்கக்கா. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

– உன்கிட்ட யார்ரா பிச்சை கேட்டது? மூஞ்சியை மூடிக்கிட்டு, கொசு கடிக்கற மாதிரி தொட்டுத் தொட்டு பாயிண்ட் சேர்க்கற ஆளு நீ. எங்க காலத்துல உன்னை மாதிரி ஆளுங்க வாளியில எச்சில் பிடிக்கத்தான் நிப்பானுங்க.

– சரிங்கய்யா.

– பார்த்தியா, கோவம்கூட வரலை. இவனெல்லாம் சாம்பியனாம்!

– கோவம் வராதவனாப் பார்த்துத்தான் எடுத்தேன்.

– நான் சொல்றேன் கேளு குட்டி. புது அரங்கத்துக்கு யார் பேரை வைக்கறதுன்னு சங்கத்துக்காரனுங்க இன்னும் முடிவு பண்ணலை. என் பேரு, இவன் பேரு, ரெண்டுல ஒண்ணு. அந்தப் பத்திரிகைல வர்றதைப் பார்த்துட்டுத்தான் கை தூக்குவானுங்க. எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கு? ஒத்தை ரூமு. மறந்து மறந்து போற தலை. காலையில பல்லு தேய்ச்சேனான்னு பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். வாசல்ல என் பேரு இருந்தா, நாளைக்கு வழி தப்பிப் போனாலும் எவனாவது அங்க கொண்டுபோய் விடுவான்.

– பாவம்னு எழுதணும்னா சொல்லுங்க, ஒரு பக்கத்துக்கு எழுதறேன். சண்டைன்னா வேற.

– நாக்குல என்னடி விஷம் உனக்கு? சரி, சொல்லு. எப்படித் தோப்பேன்? வாயில வந்ததைச் சொல்லக் கூடாது. ரவுண்டு ரவுண்டாச் சொல்லணும்.

– முதல் ரவுண்டு உங்களுது. ரெண்டாவதும் உங்களுதுதான். அதுல இவனுக்கு ஒரு விலா எலும்பு உடையும்.

– உடையுமா அக்கா?

– உடையும். மூச்சை அடக்கிக்கிட்டு ஆடுவே. மூணாவதுல கீழ விழுவே, எட்டு எண்ணும்போது எழுந்துடுவே.

– அட, என் பொண்ணுதான்! எங்க போகும் ரத்தம்?

– நாலாவதுல உங்களுக்குச் சலிச்சுப் போகும். ஒருத்தன் விழாம நின்னா உங்களால பொறுத்துக்க முடியாது. வலது கையை மட்டும் நம்பி உள்ள வருவீங்க. அதுலேருந்து இவன் விலகிக்கிட்டே இருப்பான். ஒவ்வொரு தடவை விலகறப்பவும் உங்க தாடையில ஒண்ணு வைப்பான். ஏழாவதுல முட்டி போடுவீங்க. எழுந்திருக்க மாட்டீங்க.

– என் வலது கையிலேருந்து விலகறதா? அது வர்றதைப் பார்த்தவனே கிடையாது. முழிச்சு ஆஸ்பத்திரி விளக்கைப் பார்த்த பிறகுதான் அடி விழுந்ததே தெரியும் அவனுங்களுக்கு.

– எழுந்திருங்க. இந்தா, ரிங்குக்குள்ள இவன் நிக்கறான். போடுங்க.

– அக்கா, வேண்டாம். எழுபது வயசு ஆளு…

– மூடு வாயை. முகத்துக்கு நேரா போடுங்க. நிஜமாவே போடுங்க.

– பல்லு போனா என்னைக் கேக்கக் கூடாது. இந்தா!

– கயித்தைப் பிடிங்க, கயித்தை! விழுந்துடப் போறீங்க.

– கிழவனாயிட்டேன். கால் வழுக்கிடுச்சு. இன்னொண்ணு… இந்தா! … இந்தா!

– போதும். மூணும் காத்துல போச்சு. உக்காருங்க.

– மெதுவா வருது இப்ப. அதான் தப்பிச்சுட்டான்.

– இல்லைங்கய்யா, வேகம் குறையவே இல்ல. சத்தியமா. காதோரமா விர்ருனு போச்சு. நான் உங்க கையைப் பார்க்கலை, அவ்வளவுதான். வலது கை கிளம்பறதுக்கு முன்னாடி உங்க இடது தோள் துளியூண்டு இறங்குது. கீழ் உதட்டைக் கடிச்சுக்கறீங்க. நான் இங்க சேர்ந்தப்ப மூணு மாசம் அக்கா அந்த ஒண்ணைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்களே தோளை இறக்கி இறக்கிக் காட்டுவாங்க. அது உங்களோடதுன்னு இப்பத்தான் தெரியுது.

– சுருட்டை, நீ வெளிய போய் கயிறு குதி. கதவைச் சாத்திட்டுப் போ.

– சரிக்கா.

– … நாப்பத்தோரு பேர் கண்ணுல படாததுடி அது.

– படலை.

– என் சண்டை ஒண்ணைக்கூட நீ பார்த்ததில்ல. உங்கம்மா உன்னை அந்தப் பக்கமே அழைச்சுக்கிட்டு வரமாட்டா. எவனும் படம் பிடிச்சும் வைக்கலை. உனக்கு எப்படித் தெரியும்?

– கோச் வேலைக்குப் போறேன்னு வந்து நின்னப்ப ஒருத்தர் சொன்னாங்க. ‘கையைப் பார்க்காதே, தோளைப் பாரு’ன்னு.

– எவன் அவன்?

– உங்ககிட்ட அடி வாங்கினவங்கதான்.

– கதை விடாதே. என்கிட்ட ரெண்டாவது தடவை எவனும் வந்ததில்ல. ஒரு சண்டையில அதைப் பிடிக்கவே முடியாது. நான் சொல்றேன் கேளு, வருஷக்கணக்கா எதுக்க நின்னு வாங்கியிருந்தாத்தான் அது கண்ணுல படும்.

– பதினோரு வருஷம்.

– பதினோரு வருஷம் எவன் நின்னான்?

– என்ன, ஆள் தெரியலையா? பல்லு தேய்ச்சது மறக்கலாம். இது மறக்காது.

– செத்துப் போனவளை ஏன்டி இழுக்கறே?

– நான் இழுக்கலை. தீர்ப்புன்னா காரணம் கேப்பான் பத்திரிகைக்காரன். எப்படித் தெரியும்னு கேப்பான். நாப்பத்தோரு சண்டைன்னு போட்டிருக்கான், கணக்கு தப்புன்னு திருத்தணும். சமையல் ரூம்ல நடந்ததையும் சேர்த்துக்கணும்ல?

– குட்டி… வேண்டாம்மா. அரங்கத்துல என் பேரே வேண்டாம். நான் தோத்தேன்னே எழுது. ஏழாவதுல என்ன, முதல் ரவுண்டுலயே மண்ணைக் கவ்வினேன்னு எழுது. அதை மட்டும் எழுதிடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

– காலை விடுங்க. அசிங்கமா இருக்கு.

– எழுத மாட்டேன்னு சொல்லு.

– யோசிக்கறேன்.

– நீ சொல்றது நிஜமாவும் இருக்காது. அவளுக்குத் தெரிஞ்சிருக்காது! தெரிஞ்சிருந்தா ஒதுங்கியிருப்பாளே? எத்தனை தடவை… ஒரு தடவைகூட ஒதுங்கினதில்ல அவ. நின்ன இடத்துலயே கல்லு மாதிரி நிப்பா. என்ன திமிருன்னுதான் எனக்கு இன்னும் வெறி ஏறும். தோள் இறங்கறது தெரிஞ்சும் எவளாவது முகத்தைக் காட்டிக்கிட்டு நிப்பாளா?

– அம்மா ஒதுங்கினா எனக்குல்ல விழும். பின்னாடி நான் நின்னுக்கிட்டிருந்தேன்.