லிஃப்ட் வாசலில் கட்டியிருந்த சேலை

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது, இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் குடும்பத்தோடு ஏதாவது ஒரு மாலுக்குப் போய், எஸ்கலேட்டரில் ஏறி இறங்கி, பாப்கார்ன் பொட்டலத்தோடு திரும்புவார்கள். நான் மூடிக் கிடக்கும் மால்களுக்குப் போவேன், கேமராவோடு.

நான் ஆர்க்கிடெக்ட். வைட்ஃபீல்டில் நிற்கும் கண்ணாடிப் பெட்டிகளில் சில நான் வரைந்தவை. கேட்பவர்களின் ரசனை அவ்வளவுதான். வரைந்து கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு கட்டடம் அழகாவது மனிதர்கள் வெளியேறிய பிறகுதான். சுவரில் மழை இறங்கிய கறை, மொட்டைமாடியைப் பிளந்து வரும் அரசங்கன்று, எழுத்து உதிர்ந்த கடைப்பலகை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி நிருபமாவே கொட்டாவி விடுவாள். உங்களுக்கும் வருகிறது, பரவாயில்லை.

பொம்மசந்திரா தாண்டி ஓசூர் ரோட்டில் நிற்கும் ஓஸ்வால்ட் ஆர்கேட், தொண்ணூறுகளில் கட்டிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ். சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதில் 2005-இலேயே கடைகள் எல்லாம் மூடிவிட்டன. லிஃப்டைக்கூடக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பெங்களூரில் நான் பார்த்த பாழடைந்த கட்டடங்களில் அதற்கு இணை இல்லை. ஒரே குறை, உள்ளே ஆள் இருந்தது.

வாட்ச்மேன் சண்முகமும் அவர் மனைவி சின்னத்தாயியும் இரண்டாம் மாடியில், பழைய ஜவுளிக்கடை ஒன்றில் குடியிருந்தார்கள். தர்மபுரிப் பக்கத்து ஜனங்கள். அவள் ஷட்டர் முன்னால் கோலம் போடுவாள், கைப்பிடிச் சுவரில் துணி காயப்போடுவாள், கருவாடு வறுப்பாள். கோயில் மண்டபத்தில் ஒருத்தி அடுப்பு மூட்டினால் பொறுத்துக்கொள்வோமா? வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

“இத்தினி பெரிய வூடு வேற எங்க சார் கெடைக்கும்?” என்று சிரித்தாள்.

எல்லாவற்றையும்விட மோசம் அந்தச் சேலை. லிஃப்ட் போன பிறகு அவர்கள் மாடியில் அதன் வாசல் ஆழக் குழியாகத் திறந்து கிடந்தது. பலகை வைத்து அடைக்கத் தோன்றாமல், ஒரு கிளிப்பச்சைச் சேலையை அதன் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தாள். எங்கே நின்று எடுத்தாலும் படத்தில் அதுதான் முதலில் கண்ணைக் குத்தும். அவிழ்க்கச் சொன்னேன்.

“வேணாம் சார். அவருக்குக் கண்ணுல புரை. அந்தச் சேலையப் புடிச்சிகினுதான் படிக்கட்டுக்குத் திரும்புவாரு.”

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் அத்திபெலேயில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். காலை வெயில் குழிக்குள் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்க முடிச்சை மட்டும் அவிழ்த்தேன். தரையில் சரிந்த சேலையைக் காலால் ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தேன்.

கேமராச் சத்தம் கேட்டுச் சண்முகம் வெளியே வந்தார். “போட்டோ ஆச்சா சார்?”

“ஆச்சு. வாங்க,” என்றேன்.

படிக்கட்டுப் பக்கமாகச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். சுவர் முடிந்ததும் அவர் கை சேலையைத் தேடியது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், நின்றிருப்பார். நான் சொல்லவில்லை. அவர் விழுந்த பிறகு அந்த வாசலை இன்னொரு படம் எடுத்தேன். தூசி எழும்பி வெளிச்சத்தில் நின்றது. இரண்டில் அதுதான் நல்ல படம்.

தன் முடிச்சு தளர்ந்துவிட்டது என்றே சின்னத்தாயி நினைத்துக்கொண்டிருக்கிறாள். “நாந்தான் கொன்னுட்டேன் சார், சரியா முடிச்சி போடாம உட்டுட்டேன்,” என்று சாவன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மறுக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு யார்மேலாவது பழி போட்டு அழுதால்தான் மனசு ஆறும். தன்மேலேயே போட்டுக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நீங்களும் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நேற்று அந்தப் பக்கம் போனேன். வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உயிர்ப்பலி வாங்கிய ஆபத்தான கட்டடமாம், இடிக்கப் போகிறார்களாம். அதனால்தான் நானே தேடி வந்தேன். கன்னடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். சண்முகத்தைத் தெரிந்தே கொன்றது நான். அந்தக் கட்டடம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. செய்யாத குற்றத்துக்கு இன்னொன்று பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.