பத்துக்கு எத்தனை

விடைத்தாள் திருத்தும்போது நான் டீ குடிப்பதில்லை. தாளில் சொட்டினால் கறை போகாது. இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். என் கையிலிருந்து ஒரு மார்க் கூட யாருக்கும் சும்மா போனதில்லை. பிள்ளைகள் என்னைச் 'சிவப்பு மை' என்று கூப்பிடுவதும் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

டாக்டரம்மா, என் நோட்டையும் என் தங்கையின் காலண்டரையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அவளுக்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர் வைத்தது நீங்கள். அதுவரை எங்கள் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர். நாலு துணி துவைத்தால் மூன்று நாள் படுக்கை. மாடிப்படி ஏறினால் மறுநாள் பேச்சே வராது. நாள் முழுக்க நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்துகிற எனக்கு வராத சோர்வு, மகாராணிக்கு மட்டும் வந்துவிட்டதாம். அவள் புருஷன் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அந்தத் தொட்டால்சிணுங்கியைப் பார்த்துக்கொள்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நோட்டுப் போடச் சொன்னதும் நீங்கள்தான். தினமும் காலையில், உடம்பில் தெம்பு பத்துக்கு எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். அவளுக்குப் பிள்ளை ஆசை இருந்தது. பயமும் இருந்தது. "ஆறு மாசம் அஞ்சுக்குக் குறையாம இருந்தா பெத்துக்கறேன். இல்லேன்னா வேண்டாம்க்கா. பெத்துட்டுத் தூக்கக்கூட முடியலேன்னா என்ன செய்ய?" என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள். நீங்களும் தலையாட்டினீர்கள்.

முதல் நாள் மூன்று என்றாள். நான் ஆறு என்று எழுதினேன்.

இதற்குப் பொய் என்று பெயர் வைக்காதீர்கள். நான் செய்தது திருத்தம். தன் தாளுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள்? உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் அவள் துவண்டு, கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவாள். நீங்களும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, நோட்டைத்தான் கேட்டீர்கள். ஆறு மாதமும் ஆறும் ஏழுமாகவே இருப்பதைப் பார்த்ததும், "தாராளமா பெத்துக்கலாமே" என்று சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவள், "நான் மூணுன்னுதானேக்கா சொன்னேன்?" என்றாள். உன் மூணு டாக்டர் கணக்கில் ஆறு என்றேன். "அப்போ எனக்குத்தான் என் உடம்பு தெரியலையா?" என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, கருத்தடை மாத்திரையை நிறுத்தினாள்.

கர்ப்பம் உறுதியானதும், நாலுக்குக் கீழே போனால் உடனே கூட்டி வாருங்கள் என்றீர்கள். ஏழாம் மாதம் ஒன்று என்றாள். நான் ஏழு என்று எழுதிவிட்டு, வராந்தாவில் இருபது சுற்று நடக்க வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே நடந்தாள். அழத் தெம்பு இருக்கிறதே என்று, மறுநாள் ஒரு மார்க் கூட்டிப் போட்டேன்.

நோட்டில் எட்டு என்று இருந்ததால் பிரசவத்துக்கு நீங்கள் எந்த விசேஷ ஏற்பாடும் செய்யவில்லை. பத்தொன்பது மணி நேரம் வலி. பெண் குழந்தை, மூன்று கிலோ, நல்ல கறுத்த முடி. தங்கை அதற்கப்புறம் நாலு மாதம் எழுந்து உட்காரவில்லை. வெளிச்சம் பட்டாலே முனகினாள். அஞ்சு வந்ததும் குழந்தையை அவளிடம் விடலாம், அதுவரை நீங்கள் வைத்திருங்கள் என்றீர்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். இத்தனை வருஷத்தில் அதுதான் என் முதல் லீவு.

அடுத்த ஏழெட்டு மாதத்தில் அவள் மெல்லத் தேறினாள். அதை நான் மறுக்கவில்லை. போன மாதம் ஒரு காலையில், சுவரைப் பிடிக்காமலே என் அறை வாசல்வரை நடந்து வந்தாள். "அக்கா, இன்னைக்கு அஞ்சு. பிள்ளையைக் குடுக்கா," என்று கையை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்துவிட்டாள் பெரிய மார்க் வாங்கினவள். கதவைச் சாத்திவிட்டு, ஒன்று என்று எழுதினேன். அன்றிலிருந்து அவள் தினமும் அஞ்சு என்பாள், நான் தினமும் ஒன்று போடுவேன்.

தன் மார்க்கை அவள் ஆரம்பத்திலிருந்தே காலண்டரில் பென்சிலால் குறித்து வந்தது எனக்குத் தெரியாது. அதைக் கழற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு இன்று பஸ் ஓட்டப் போயிருக்கிற மாப்பிள்ளைக்கு, இப்போதாவது வீட்டுச் சுவர் கண்ணில் பட்டதே.

எழுதிக்கொள்ளுங்கள். ஆறும் ஏழும் எட்டும் நான் போட்டவை. கடைசி ஒரு மாதத்து ஒன்றுகளும் நான் போட்டவை. ஆனால் பிள்ளை ஆசையில் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். குழந்தையை என் அறையில் தூங்க வைத்து, பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். விழித்து என்னைக் காணாவிட்டால் அம்மா அம்மா என்று அழுவாள். வெளியே நின்று தங்கை வேறு கதவைத் தட்டித் தட்டி, என் பிள்ளையைப் பயமுறுத்திவிடுவாள்.