கேட்டுக்குப் பூட்டு போட்ட காரணம்

வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை எப்படிப் போகும் என்று சிங்காநல்லூரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எலுமிச்சை, வெயில், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். பொறுமை எனக்கு நிறையவே உண்டு. ஆகவே இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

பெயர் வெங்கடலட்சுமி. வயது ஐம்பத்து மூன்று. ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் லாண்டரி என்னுடையது. ஒன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். லாண்டரிக்குப் பின்னால் நான் கட்டிக்கொடுத்த அறைகளிலேயே தங்கினார்கள். ஒருவரையும் நான் 'வா, போ' என்று பேசியதில்லை. 'வாங்க கண்ணு, போங்க அம்மணி'தான். விசாரித்துப் பார்க்கலாம்.

தை மாதம் அவினாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றிலிருந்து ஒரு சிறு புத்தகமும் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவமும் வந்தன. தங்களுக்கு வேலை செய்து தரும் இடங்களிலும், அந்த இடங்களுக்கு ஆள் அனுப்புகிற இடங்களிலும் கொத்தடிமை யாரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். ஆடிட் செய்ய ஆள் வருவார்களாம். புத்தகத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆசை காட்டிக் கூட்டிப்போகிறார்கள், ஆதார் கார்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், வெளியே விடுவதில்லை. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று அழுதேன். என் பெண்களை அந்தப் பாவிகள் கையில் சிக்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

புரோக்கர்கள் முதலில் போனில்தான் ஆசை காட்டுவார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. ஒன்பது போனையும் வாங்கி வைத்தேன். ஆபத்தென்றால் கூப்பிட வேண்டிய உதவி எண்ணை, எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஆளுயரத்துக்குப் பெயின்டில் எழுதினேன். ஆதார் கார்டுகளை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பூஜையறையில் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிறகு கேட்டுக்குப் பூட்டு போட்டேன். பூட்டும் முன்பு தினமும், "ஏனுங்க, பூட்டிக்கட்டுங்களா?" என்று கேட்பேன். கேட்காமல் ஒருநாளும் பூட்டியதில்லை.

வாட்ச்மேன் வேங்கடசாமி ஐயாவை ஒரு ஏஜென்சி அனுப்பியிருந்தது. பகல் ஷிஃப்டும் அவருக்கே, ராத்திரி ஷிஃப்டும் அவருக்கே. எனக்கு ரத்தம் கொதித்தது. ஏஜென்சியை நிறுத்திவிட்டு, அவரையும் கேட்டுக்கு உள்ளே சேர்த்துக்கொண்டேன். அவர் போனையும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் விடுதலை வகுப்பு நடத்தினேன். வராமலிருக்க யாருக்கும் அனுமதி இல்லை. கேள்வி பதினேழு: நினைத்த நேரத்தில் வேலையை விட்டுப் போகலாமா? ஒன்பது பேரும் சேர்ந்து "போலாமுங்க" என்று சொல்லும் சத்தம் குளக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

மெர்சியால்தான் கொஞ்சம் சிக்கல். இஸ்திரி மெஷினில் நிற்பவர். அவருடைய மகள் பல்லடத்தில் பாட்டி வீட்டில் இருக்கிறாள். சித்திரையில் அவளுக்குப் புதுநன்மை. கோவிலில் வெள்ளை கவுன் போட்டு முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். அந்தக் கவுனை மெர்சி இங்கேயே தைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருந்தார்.

"அக்கா, ஒரே நாளுங்க. காலையில போயிட்டு பொழுதோட வந்துபோடறனுங்க."

"தாராளமா போங்க கண்ணு. ஆடிட் மட்டும் முடியட்டும். அவங்க வர்றப்ப நீங்க இல்லீன்னா, நீங்க சுதந்திரமா இருக்கறீங்கன்னு யாருங்க சொல்றது?"

ஆடிட் தள்ளிப்போனது. சித்திரையும் போனது. மெர்சியின் போனுக்கு மகளின் குரல்பதிவுகள் வந்தபடி இருந்தன. புரோக்கராக இருந்துவிடக் கூடாதே என்று நான்தான் கேட்பேன். "அம்மா, நீ வந்தாத்தான் நான் கவுன் போடுவேன்" என்றது அந்தக் குரல். நன்றாகக் கவனித்தேன். ஆசை காட்டும் பேச்சுதான். மெர்சியிடம் சொல்லவில்லை.

படிவத்தில் கேட்டிருந்தபடி நான் வைத்த புகார்ப் பெட்டியில் மெர்சி முப்பத்தோரு கடிதங்கள் போட்டார். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'என்னைய ஊட்டுக்கு உடுங்க.' கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். எங்கள் இடத்தில் யாரும் பயமில்லாமல் புகார் செய்யலாம் என்பதற்கு ஆதாரமாக, அவற்றைத் தேதிவாரியாக ஃபைலில் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் பெருமைதான். கவுன்தான் பாவம், மடிப்பில் மஞ்சளடித்துவிட்டது. நானே எலுமிச்சை போட்டு எடுத்துக் கொடுத்தேன். "பாப்பா இந்நேரம் வளந்திருப்பாளுங்க" என்றார் மெர்சி. பிரித்துத் தைக்கலாம் என்று சொன்னேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் வந்தார். பிரத்யுஷா என்று பெயர், சின்னப் பெண். காப்பி கொடுத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமையுமா வேலை என்று விசாரித்தேன்.

"லீவே தர மாட்டாங்க மேடம். வேலையை விட்டுப் போயிருவோம்னு சர்டிஃபிகேட்டெல்லாம் ஆபீஸ்லயே வாங்கி வெச்சிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி ஒன்பது, கேள்வி பதினொன்று, இரண்டிலும் அந்த ஆபீஸ் தோற்றுவிட்டது. அப்படிப்பட்டவர்களிடம் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஏனுங்க, பூட்டிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பூட்டினேன். அவர் போனையும் வாங்கி வைத்தேன்.

நாலு நாள் விரிப்பு மடித்தார். மடிப்பு சுமார்தான். ஐந்தாம் நாள் அவருடைய ஆபீஸிலிருந்து ஒருவர், ரிப்போர்ட் இன்னும் வரவில்லையே என்று தேடி வந்தார். உள்ளே கூச்சல் கேட்டு உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை நீங்கள் கேட்டைத் திறந்து "போகலாம்" என்றபோது ஒருவரும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "போங்க கண்ணு, திங்கக்கெழம வேலைக்கு வந்துருங்க" என்று நான் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்கள். மெர்சி கவுனை மட்டும் எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். போனை வாங்கியது நான், கார்டை வைத்தது நான், பதினோரு மாதம் பூட்டி வைத்தது நான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எனக்கும் ஒரு புகார் இருக்கிறது மேடம். இன்று புதன்கிழமை. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை. மெர்சியின் செருப்பு கேட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. யாரோ அவர்களைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதற்கு ஒரு கேஸ் எழுதுங்கள்.