திருப்பித் தரப்படாத கட்டணம்

இந்த வழக்கின் முதல் தாளில் இரண்டு பெயர்கள் இருப்பதால் எது என்னுடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலின் பயணிகள் பட்டியலில் இருப்பது இறந்துபோன என் அக்காவின் பெயர். அதற்குக் கீழே இருப்பதுதான் நான். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். எனக்கு நேர் கீழ்மாடியில் அக்காவும் அத்தானும் குடியிருந்தார்கள். இப்போது அத்தான் மட்டும் இருக்கிறார். துணிக்கடை ஒன்றில் வாடிக்கையாளர்கள் வாங்கும் உடுப்புகளை அளவுக்குப் பிடித்துத் தைத்தும் பிரித்தும் கொடுக்கிறேன். நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் இருப்பதால் அந்த வேலை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அத்தான் மார்க்கெட் வாசலில் பூட்டு, சாவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கை இறுக்கமான மனிதர். எந்தப் பூட்டுக்கும் ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் விடமாட்டார் என்பதால் மார்க்கெட்டில் அவருக்கு ‘ஒத்தச் சொட்டு’ என்றுதான் பெயர். இதை நான் அவரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, பிறகு வரும் விஷயத்துக்கு இது வேண்டியிருப்பதால் சொல்கிறேன். பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, பார்க்க வேண்டிய ஆளை வழியிலேயே பார்த்துவிட்டாலும், கடைசி நிறுத்தம் வரை போய் அங்கிருந்து நடந்து திரும்புவார். கேட்டால் “காசு குடுத்தாச்சுல்ல” என்பார். காய்ச்சலோடு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து முழுப்படமும் பார்த்திருக்கிறார். அக்கா அவரைக் கேலி செய்துகொண்டே அவரோடு வாழ்ந்தாள். பிள்ளைகள் கிடையாது. அக்கா இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை, யாரோடும் நின்று பேசியதும் இல்லை.

கோடையின் கடைசியில் ஒருநாள் அக்கா என்னைப் பயண ஏற்பாடு செய்யும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். சுற்றுலாக் கப்பலில் அவளுக்கும் அத்தானுக்கும் டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாள். பஸ்ஸில் போகும்போது வழி நெடுக ஒரே பேச்சு, ஜன்னல் வைத்த அறைதான் வேண்டும் என்று. அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் டிப்போவின் சுவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். இருபது வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் சமைத்தாள். “சாகறதுக்குள்ள சுவர் இல்லாத ஒரு ஜன்னலைப் பாத்துடணும்டி” என்றாள். அப்படிப் பேசுவது அவளுக்கு வழக்கம்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் இரண்டு விதமான கட்டணத்தைப் பற்றி விளக்கினாள். முழுக் கட்டணம் கட்டினால் கடலைப் பார்த்த ஜன்னலோடு அறை தருவார்கள், புறப்படுவதற்கு முந்தின நாள் வரை வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், தேதியோ ஆளோ மாற்றிக்கொள்ளலாம். தள்ளுபடிக் கட்டணம் ஏறக்குறையப் பாதிதான், ஆனால் கப்பலின் நடுவில் ஜன்னல் இல்லாத அறை, பணம் திரும்பாது, பெயர் மாற்ற முடியாது. நான் அக்காவின் கையைத் தட்டி முழுக் கட்டணத்தையே போடச் சொன்னேன். அவள் அதற்கான பணத்தையும் எடுத்து வந்திருந்தாள். அவளோ கவுண்டர் பெண்ணையே பார்த்துக்கொண்டு, “உடம்புக்கு முடியலன்னாலும் திருப்பித் தர மாட்டீங்களா?” என்று கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்றாள். “ரெண்டு பேர்ல ஒருத்தர் தவறிப்போயிட்டா?” என்று அக்கா கேட்டாள். அப்போதும் இல்லை, மற்றவர் மட்டும் வரலாம் என்றாள் அந்தப் பெண். “எங்க வீட்டுக்காரர் நேர்ல வந்து அழுதாக்கூட?” என்று கேட்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “யார் வந்து அழுதாலும் ஒத்தப் பைசா வராதும்மா. அதனாலதான் முன்னாடியே சொல்லிடறேன்” என்றாள். “அப்ப இதையே போடு” என்றாள் அக்கா. ஏதாவது விசேஷமா என்று அந்தப் பெண் கேட்டதற்குக் கல்யாண நாள் என்று சொன்னாள். நான் வெளியே வந்ததும், கடைசியில் ஒத்தச் சொட்டின் பெண்டாட்டி என்பதைக் காட்டிவிட்டாயே என்று திட்டினேன். அவள் சிரித்தாள். அத்தானிடம், “உங்களுக்குப் பிடிச்ச மாதிரி தள்ளுபடியில எடுத்துட்டேன்” என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். அத்தான் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

அதன் பிறகு மழை தொடங்கிய சமயத்தில் அக்கா தனக்கு வயிற்றில் கட்டி இருப்பதாகவும் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதாகவும் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அதன் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. கப்பல் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது மருத்துவமனையில் இறந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு அத்தான் யாரோடும் பேசவில்லை. நான் கொண்டுபோய் வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். ஒருநாள் அவரே கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பணம் வராது, பெயர் மாறாது, நீங்கள் மட்டும் வரலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு, “காசு குடுத்தாச்சுல்ல. நான் மட்டும் போயிட்டு வரேன்” என்றார். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனபோது அவருடைய கடை பூட்டாமல் கிடந்தது. உள்ளே ஒரு கருவிகூட இல்லை. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பக்கத்துக் குடைக் கடைக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டாராம். “வேணாம்னு சொன்னேன், கேக்கல. எண்ணெயை ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்காரும்மா” என்றார் குடைக்காரர். பூட்டுக்காரர் கடையைப் பூட்டாமல் போனதையும், எண்ணெயை ஊற்றியதையும் பார்த்த பிறகு அவரைத் தனியாகக் கப்பலில் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

போகவே வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கென்று முழுக் கட்டணத்தில் ஓர் அறை கேட்டேன், எல்லாம் நிறைந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகுதான் அக்கா பெயரிலேயே ஏறிவிடலாம் என்று அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே முகம். அவள் உடுப்பில் இரண்டை என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். அவளுக்கு இடுப்பு பெரிது. இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. அத்தான் சொல்லி நான் செய்தேனா என்று ஆய்வாளர் நாலைந்து முறை கேட்டுவிட்டார். அத்தான் அந்த நிலையில் உப்பு வேண்டும் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. நான் பெட்டியோடு போய் நின்றபோது ஒரு தரம் பார்த்தார், முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

கப்பல் ஏறும் இடத்தில் அட்டையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். ஒரே அறையில் எப்படித் தங்கினீர்கள் என்றும் கேட்கப்பட்டது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், நான் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அத்தான் அதை விலக்கிப் பார்த்தார். பின்னால் வெறும் பலகைதான் இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பரிமாறுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டிக்கொண்டு ஒரு கேக்கோடு எங்கள் மேசைக்கு வந்தார்கள். ஒலிபெருக்கியில் அத்தான் பெயரையும் அக்கா பெயரையும் சொல்லிக் கல்யாண நாள் வாழ்த்துச் சொன்னார்கள். அக்கா பெயரைச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நானும் எழுந்து நின்று சிரித்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. திரும்பிப் பார்த்தபோது அத்தானின் நாற்காலி காலியாக இருந்தது.

அறையில் தேடினேன், மேல்தளத்தில் தேடினேன், இல்லை. அதன் பிறகு வரவேற்பு மேசைக்கு ஓடி, அவரைக் காணோம், உடனே ஆள் விட்டுத் தேடுங்கள் என்றேன். அங்கிருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் சிரித்தாள். “கல்யாண நாளன்னைக்குக்கூடச் சண்டையா மேடம்? கோவிச்சுக்கிட்டு எங்க போயிடுவார், இது கப்பல்தானே” என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் காபி குடித்துவிட்டுப் பாருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் சொன்னேன். “நான் அவர் பெண்டாட்டி இல்ல. அவ செத்துப்போயிட்டா. நான் அவளோட தங்கச்சி. அவர் சாகத்தான் வந்திருக்கார், தேடும்மா” என்றேன். அதன் பிறகு அவர்கள் ஓடினார்கள். நான் பிடிபடவில்லை, நானாகச் சொன்னேன் என்பதை இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கப்பலின் பின்பக்கம், கயிறு சுற்றி வைத்திருக்கும் இடத்தில் அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலணி இரண்டையும் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு ஊழியர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில் போனதும், “எனக்காகத்தான் மலிவா எடுத்தா. கடைசி கடைசியா ஒரு ஜன்னல் கேட்டா. என் புத்தி தெரிஞ்சு அதையும் வேணாம்னுட்டா” என்றார். கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதன் பிறகு காலணியைப் போட மறுத்துவிட்டார். கப்பலிலிருந்து வெறுங்காலோடுதான் இறங்கினார். துறைமுகத்தில் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்ட போலீசார் காலணிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இன்று ஆய்வாளர் என்னிடம், மருத்துவமனையில் விசாரித்ததாகவும், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அக்காவுக்கு நோய் தெரியும் என்றும், ஆகவே சாகப்போவது தெரிந்தே அவள் பெயரில் டிக்கெட் எடுத்து ஏமாற்றத் திட்டமிட்டீர்களா என்றும் கேட்டார். அவளுக்கு முன்பே தெரியும் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. பதில் சொல்ல மறுப்பதாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு அந்தக் கவுண்டரில் அவள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தன.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்ன ஒன்றை நான் முன்னால் சொல்லவில்லை. முக்கியம் என்று தோன்றவில்லை. ஜன்னல் போச்சே என்று நான் திட்டிக்கொண்டே வந்தபோது அவள், “ஜன்னல் இருந்தா அவர் ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பார்டி. இல்லன்னாத்தான் வெளிய வந்து நாலு பேரோட நிப்பார்” என்றாள். தனக்காக ஆசைப்பட்ட ஜன்னலைப் பற்றிக் கேட்டால் அத்தானைப் பற்றிச் சொல்கிறாளே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முழுக் கட்டணம் கட்டியிருந்தால், அவள் போன மறுநாளே அவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பணம் திரும்பாது என்றால் மட்டும்தான் அந்த மனிதர் வாசலைத் தாண்டுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கஞ்சத்தனத்துக்குப் பயந்து அவள் தள்ளுபடியில் எடுக்கவில்லை. அதை நம்பித்தான் எடுத்தாள். என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அத்தான் பக்கத்து அறையில் நேற்றிலிருந்து சாப்பிடாமல், வாய் திறக்காமல் இருப்பதாகக் காவலர் சொன்னார். இந்த விஷயத்தை மட்டும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். இருவரையும் பேசவிட முடியாது என்றார்கள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கக் கேட்டுக்கொண்டேன், பொய் எதுவும் இதில் இல்லை. கப்பலில் ஏழெட்டு இடத்தில் அக்காவின் கையெழுத்தைப் போட்டேன், இது என்னுடையது. எனக்கு வாசித்துக் காட்டிய மாதிரியே பக்கத்து அறையிலும் ஒரு தரம் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)
இறந்தவரின் தங்கை

பதிவு செய்த அலுவலரின் குறிப்பு: மேற்படி வேண்டுகோளை ஆய்வாளர் அனுமதித்ததன் பேரில், இவ்வாக்குமூலம் பக்கத்து அறையில் இருந்த இறந்தவரின் கணவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது இறந்தவர் சொன்னது குறித்த பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசிக்கப்பட்டது. அதன் பிறகு, கைப்பற்றி வைக்கப்பட்டுள்ள தன் காலணிகளைத் தரும்படி கேட்டார். கொடுக்கப்பட்டன.