ஆவுடை போத்துன கல்லு

நெடுமடைக் குளத்துக்கு இப்ப உள்ள கரை போடுறதுக்கும் முந்தி, ரொம்ப முந்தி, இந்த ஊர்ல சொரிமுத்துன்னு ஒரு மடைக்காரர் இருந்தாராம். கேளுங்க மக்கா. குளம் நெறைஞ்சு தளும்புச்சுன்னா, மடைவாயை அடைச்ச கல்லைத் தூக்கித் தண்ணிய வெளியேத்தணும். தூக்கலைன்னா கரை போச்சு. கரை போனா கீழத்தெரு போச்சு. அதுக்குன்னே வாசல்ல ஒரு உருண்டைக்கல்லப் போட்டுப் பழகுவாக அந்த வீட்டு ஆம்பளைக. ஒரு நாள் தூக்குவாக. மறுநாள் எண்ணெ தேச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாக. அப்பன் பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தானாம்.

அந்த வருசம் நல்ல வெளைச்சல். அறுப்பு மும்முரத்துல சொரிமுத்து கல்லுப் பக்கமே போகலை. "நாளைக்குத் தூக்கிக்கிடலாம் புள்ள"ம்பாராம். நாளைக்கு, நாளைக்குன்னே புரட்டாசி போச்சு. கல்லு மேல கோழி ஏறி நின்னுச்சாம். அவரு பொஞ்சாதி ஆவுடை அதை வெரட்டி வெரட்டி அலுத்துப்போனா.

ஐப்பசி பொறந்துச்சு. மேக்க மலையில கருமேகம் கட்டிருச்சு. அப்பத்தான் மனுசனுக்குப் பகீர்னுச்சாம். விடிய எந்திரிச்சுக் கல்லைத் தூக்குனாரு, தூக்குனாரு, பொழுது சாயுற மட்டும் தூக்குனாரு. விட்டுப்போன நாளையெல்லாம் ஒரே நாள்ல பிடிச்சிருவாராம்!

ஆவுடை ஓடியாந்து குறுக்க நின்னா. "ஒரு மாசத்துச் சோத்த ஒரு நாள்ல திங்க முடியுமா? கீழ வைங்க!"

"மழைக்குள்ள ஒடம்பு பழகணும்டி."

"இதுக்குப் பேரு பழகுறதா? உழுத மாட்டையே மறுநாள் அவுத்து விடுறீக. உங்க தோளு என்ன பாவம் பண்ணுச்சு?"

கேக்கலை. மறுநாளும் தூக்குனாரு. அதுக்கு மறுநாளும் தூக்குனாரு.

வந்துச்சு மழை. பேய் மழை. குளம் தளும்பிக் கரை கசிய ஆரம்பிச்சிருச்சு. "மடைக்காரரே, எறங்கும்!"னு ஊரே நின்னு கூப்பிடுது. சொரிமுத்துக்குத் தோளு வீங்கிக் கெடக்கு. சாமி கும்பிடக்கூடக் கை கூடலையாம்.

ஆவுடை பாத்துட்டா. "ஐயா, வேற யாராச்சும் எறங்குங்கய்யா!"ன்னு கத்துறா.

"என் மடை. சோம்பிக் கெடந்தவனும் நான், வீம்பு பண்ணுனவனும் நான்"னு சொல்லிட்டு எறங்கிட்டாரு.

கையால ஆகலை. முதுகைக் குடுத்தாராம் கல்லுக்கு. கல்லு பெயந்துச்சு. தண்ணி பாஞ்சுச்சு. கீழத்தெரு பொழைச்சிருச்சு. தெம்பான கை இருந்தா மடையோரத்தப் பிடிச்சு மேல வந்திருப்பாரு. கைதான் இல்லையே. தண்ணி அவரையும் கொண்டு போயிருச்சு.

அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கு ஆவுடை தன்னோட கூறைச்சேலைய நனைச்சு வாசக்கல்லு மேல போத்துனாளாம். மகன்களக் கூப்பிட்டா. "நான் சேலைய எடுக்குற அன்னைக்குத் தூக்காம இருக்கக் கூடாது. சேலை கெடக்குற அன்னைக்குத் தொடக்கூடாது"ன்னா.

இப்ப மடைக்கு இரும்புக் கதவு வந்தாச்சு. தூக்க ஆளு வேண்டாம். ஆனாலும் அந்த வீட்டுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் கல்லுக்குச் சேலை போத்துறாக. அன்னைக்கு அந்த வாசல்ல யாரும் சத்தம் போட்டா, "மெதுவாப் பேசுங்கப்பா, ஆவுடை புருசன் இப்பத்தான் படுத்திருக்காரு"ம்பாக.