துப்பாக்கிப் பெட்டிக்குப் போட்ட புதுப் பூட்டு

...இல்ல சார், துப்பாக்கின்னு சொன்னதும் நீங்க எதுக்கு அடுத்த நாற்காலிக்குத் தாவறீங்க? என்னுது இல்ல சார், என் வீட்டுக்காரியோடது. அட, எந்திரிக்காதீங்க! போட்டியில சுடறது சார், அட்டையில குறிபாத்து. அதோ, கவுண்டர்ல நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறா பாருங்க, அவதான். நாளைக்குக் காலையில ஃபைனல். இந்த ஃப்ளைட்ட விட்டா அவ்ளோதான்.

என்னா ரூல்ஸுங்கறீங்க! அப்பப்பா... ஒரு கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சம்பிரதாயம் கிடையாது. கையில எடுத்துட்டு ஏறக் கூடாதாம், லக்கேஜ்லதான் போகணுமாம். சரி, நியாயம். துப்பாக்கிக்குள்ள குண்டு இருக்கக் கூடாது. குண்டுக்குத் தனிப் பெட்டி. லைசென்ஸ் காட்டணும். அது போதாதுன்னு, 'என்கிட்ட துப்பாக்கி இருக்கு'ன்னு நாமளே வாய்விட்டுச் சொல்லணுமாம்! இவ சொன்னா பாருங்க, பின்னாடி நின்ன பெரியவரு மயக்கம் போடாத குறை...

அப்புறம் அந்தப் பூட்டு. கெட்டிப் பெட்டி, நல்ல பூட்டு, அதைத் தொறக்கற வழி துப்பாக்கிக்காரங்களுக்கு மட்டுந்தான் தெரியணும். இப்ப அவளுக்கே தெரியல! ஆபீசர் தொறந்து பாக்கணுங்கறாரு, பூட்டு அசைய மாட்டேங்குது. வெட்டிடலாம்னா, பூட்டில்லாத பெட்டிய ஏத்த மாட்டாங்களாம். என்னா ரூல்ஸோ போங்க!

முன்னாடி இருந்தது சாவிப் பூட்டு. நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான்... நேத்து ஒரு நம்பர் பூட்டு வாங்கியாந்து மாட்டினேன். பாசத்துல சார்! 'நம்ம கல்யாணத் தேதிய வெச்சிருக்கேன்டி'ன்னேன். கண்ணு கலங்கிட்டா.

இப்ப என்னன்னா... கொஞ்சம் கிட்ட வாங்க. அவ திருப்பினத எட்டிப் பாத்தேன். இருபதுன்னு வெக்கறா சார். நான் வெச்சது பதினெட்டு!

சிரிக்காதீங்க. வருஷா வருஷம் பதினெட்டாந்தேதியே பரிசோட போய் நிப்பேன். 'ரெண்டு நாள் பொறுக்க முடியல பாரு இந்த மனுஷனுக்கு'ன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவா. ஏன் அப்படிச் சொல்றான்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல சார்... இன்னைக்குத்தான் புரியுது!

நம்பரச் சொன்னா அவ ஃப்ளைட் ஏறிடுவா, என் மானம் கப்பலேறிடும். சொல்லலேன்னா... பாவம் சார், எத்தனை நாளு விடியறதுக்குள்ள எந்திரிச்சு பயிற்சிக்கு ஓடியிருப்பா! மறுபடி மறுபடி அதே இருபதைத் திருப்பறா பாருங்க. குறி தப்பாத கை சார் அது...

சார்... சார், எங்க கிளம்பிட்டீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம்... ஐயய்யோ, கவுண்டருக்கா? சார்! சும்மா குத்துமதிப்பா சொல்ற மாதிரி சொல்லுங்க சார்! என் பேச்சே வரக் கூடாது!

...தொறந்துருச்சு. அப்பாடா! தொறந்தே தொறந்துருச்சு!

அந்தாளு எதுக்கு இங்க கை காட்டறாரு? ஐயோ, திரும்பிட்டா. ஒத்தக் கண்ணச் சுருக்கிக்கிட்டுல்ல பாக்கறா... பெட்டி வேற பக்கத்துல தொறந்து கெடக்கு.

குண்டு தனிப் பெட்டியில போகணும்னு ரூல்ஸ் போட்ட புண்ணியவான் நூறு வருஷம் நல்லா இருக்கணும்ப்பா!